மீன்தொட்டியும் விரல் கட்டியும்

கேள்வி: வீட்டில் மீன்தொட்டி கழுவுவது என் வேலை. விரலில் வந்த சின்னக் கட்டி மூன்று வாரமாக ஆறவில்லை. மீனின் நோய் மனிதருக்கும் வருமா?
— ஒரு வாசகர், ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்

பதில்: வரும். சுரங்கத் தூசியும் காசநோயும் சேர்ந்து எத்தனை குடும்பங்களை உருக்கின என்பதைத் தங்கவயலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தக் காசநோய்க் கிருமிக்கு மீனிடம் ஒரு பங்காளி உண்டு: மைக்கோபாக்டீரியம் மரைனம். பிலடெல்பியா மீன்காட்சியகத்தில் செத்த மீன்களில் அதைக் கண்டு, 1926-இல் அறிவித்தார் ஆய்வாளர் அரோன்சன். அதற்குப் பிடித்தது சுமார் 30 டிகிரி வெப்பம். நம் உடலுக்குள்ளோ 37. அதனால்தான் நுரையீரலை விட்டுவிட்டு, குளிர்ந்த கைவிரலில் குடியேறுகிறது.

நகச்சுற்று என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு காத்திருக்காதீர்கள். தோல் மருத்துவரிடம் முதல் வார்த்தையே "மீன்தொட்டி கழுவுகிறேன்" என்பதாக இருக்கட்டும். அதைச் சொல்லாமல் விட்டால், நோய் பிடிபடவே மாதக்கணக்காகும். இந்த நோயாக இருந்தால் சில மாதம் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும், குணமாகிவிடும். வீட்டிலுள்ளவர்களுக்குத் தொற்றாது. நன்றாகக் கொதித்த மீன்குழம்புக்கும் தடையில்லை.

பேத்தமங்கலா ஏரி மீனை வாங்கி அலசுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: கையில் கீறல் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.