மேல்மாடி வாடகை

கேள்வி: பல்கலைக்கழக அணி பெரிய லீக்கில் சேர்ந்தால் லாபம்தானே?
— பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: ஷா ஆலமைக் கேளுங்கள். அங்குள்ள யூஐடிஎம் பல்கலைக்கழகத்தின் காற்பந்து அணி 2020இல் மலேசிய சூப்பர் லீக்கில் ஏறியது. கோவிட் புண்ணியத்தில் பருவம் ஒற்றைச் சுற்றாகச் சுருங்க, பதினோரே ஆட்டத்தில் ஆறாம் இடம்! மறுவருடம் இரண்டு சுற்றும் ஆட வேண்டியிருந்தது. கடைசி இடம், கீழே இறங்கியாயிற்று.

எதிரே நின்றது யார்? 2014 முதல் லீக் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஜோகூர் டாருல் தாக்சிம். பல்கலைக்கழக பட்ஜெட்டோடு அதனுடன் மோதுவது, மைவி காரை ஃபெராரியோடு பந்தயத்துக்கு விடுகிற சமாச்சாரம்.

நம்மவர் கதையும் உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா அணி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டு அதே லீக்கில் நுழைந்தது. 2022 பருவத்தோடு தானாகவே விலகியது.

அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. பசிபிக் கரைப் பக்கம் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம், 2024இல் அட்லாண்டிக் கடலோர விளையாட்டுக் கூட்டமைப்பில் சேர்ந்தது!

லீக்கில் சேரத் துடிக்கும் துணைவேந்தர், கோத்தா கினபாலுவில் ஓர் ஆட்டம் ஆடிவர முப்பது பேருக்கான விமானக் கட்டணத்தைக் கூட்டிப் பார்க்கட்டும். தே தாரிக் ஆறுவதற்குள் பதில் கிடைத்துவிடும்.