முதல் வரைபடம்

கேள்வி: ‘சிவிலைசேஷன்’ கணினி விளையாட்டில் ஆறும் தங்கமும் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அமையும்வரை ‘ரீஸ்டார்ட்’ அழுத்திக்கொண்டே இருக்கிறேன். இது ஏமாற்று வேலையா?
- கல்லூரி மாணவர், ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்க வயல்

பதில்: ஏமாற்று இல்லை, தம்பி. நஷ்டம் உங்களுக்குத்தான். ஒவ்வொரு முறையும் புது வரைபடம் உருவாவதே, கிடைத்த மண்ணில் என்ன செய்வது என்று நம்மை யோசிக்க வைக்கத்தான்.

தங்க வயலில் உட்கார்ந்துகொண்டு தங்கம் தேடுகிறீர்களே! உங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். வறண்ட பூமி. 1880-களில் அங்கிருந்த ‘மைசூர்’ சுரங்கத்தில் போட்ட பணமெல்லாம் கரைந்து, பங்குதாரர்கள் கைவிட இருந்த நேரத்தில்தான் சாம்பியன் தங்கப் படிவு அகப்பட்டது. அவர்கள் அன்றே ‘ரீஸ்டார்ட்’ போட்டிருந்தால் உங்கள் ஊரே இல்லை! தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. மின்சாரம் 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் மக்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டினார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அவர்கள் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறார்கள். அதே வரைபடம், அடுத்த டர்ன்.

இன்றிரவு முதலில் வரும் வரைபடத்திலேயே நூறு டர்ன் ஆடுங்கள். என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.