டிசம்பர் உத்தியோகம்

நான் உயிரோடு இருப்பதாக நவம்பரிலேயே அரசாங்கத்துக்குச் சான்று கொடுத்தாயிற்று. தபால் துறைப் பென்ஷன்காரனுக்கு அது வருஷாவருஷக் கடமை. அப்படி உறுதிசெய்யப்பட்ட உயிரை டிசம்பர் முழுக்க வாங்குவது எங்கள் சபை.

பாளையங்கோட்டையில் கிறிஸ்மஸ் 25ஆம் தேதி வரை காத்திருக்காது. ஆலயத்தில் ஊதாத் துணி விரிக்கும் முதல் அட்வெந்து ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் எப்படியும் வந்துவிடும். அன்றைக்கே எங்கள் ஓய்வு முடிந்தது. ஆராதனை விட்டு வாசலில் செருப்பைத் தேடும்போதே வாலிபர் சங்கச் செயலாளர் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, கேரல் ரவுண்ட்ஸுக்கு வீட்டு லிஸ்ட் போடணும். நீங்க சும்மாத்தானே இருக்கிய?"

லிஸ்ட் போடுவது எழுத்து வேலை என்று நினைப்பவர்கள் சபையில் பிறக்காதவர்கள். எந்தத் தெரு முதலில், யார் வீட்டில் டீ, யார் வீட்டு நாய் கிட்டார் சத்தத்துக்குக் குரைக்கும், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி வீடுகளை எப்படி அடுத்தடுத்து வராமல் பிரிப்பது என்று எல்லாம் பார்க்க வேண்டும். தபால்காரர்களுக்கு பீட் பிரித்துக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். அந்த வேலையில் இவ்வளவு ராஜதந்திரம் தேவைப்பட்டதில்லை.

ஓய்வுபெற்ற டீச்சரான என் மனைவிக்கு இன்னும் பெரிய பொறுப்பு: ஞாயிறு பள்ளி நாடகம். எல்லாத் தாய்மாருக்கும் தங்கள் பிள்ளை தேவதூதனாக வேண்டும். மேய்ப்பன் என்றாலே முகம் வாடுகிறது. ஆட்டுக்குட்டி என்றால் போன் வருகிறது. பெத்லகேம் வயல்வெளியில் இந்த வருஷம் தேவதூதர் கூட்டம் நிரம்பி வழிகிறது. மந்தையைக் காக்கத்தான் ஆளில்லை. எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்கத் தெர்மாகோல் சிறகுகள். நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறோம்.

இதற்கு நடுவில் வீட்டு வேலை. மாடியில் ஸ்டார் கட்ட வேண்டும். அதுவும் ஊசிக்கோபுர ஆலயத்திலிருந்து வருகிறவர்கள் கண்ணில் படும்படி. ஏணி, ஒயர், பல்பு என்று நான் நிதானமாகச் சேகரித்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து குரல் வந்தது.

"என்னங்க, ஸ்டார் கிறிஸ்மஸுக்கா ஈஸ்டருக்கா?"

"கால்டுவெல் ஐயர் இடையன்குடிக் கோயிலைக் கட்டி முடிக்க 33 வருஷம் ஆச்சு. அவரை யாரும் அவசரப்படுத்தல."

"அவரு நடுவுல 1856ல ஒப்பிலக்கணமே எழுதிப் போட்டாரு. நீங்க நடுவுல என்ன செஞ்சிய?"

நடுவில் நான் தூங்கியிருந்தேன். டீச்சரைக் கட்டியவன் வரலாற்றைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

பலகாரத்தில் அச்சு முறுக்குதான் ஆளைச் சோதிக்கும். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, எள் எல்லாம் அவள் கைக்கணக்கு. என் வேலை அச்சைப் பிடிப்பது. அச்சு எண்ணெயில் கிடந்து நன்றாகக் காய வேண்டும். காய்ந்ததும் மாவில் முக்கால்வாசிதான் முக்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் முறுக்கு அச்சை விடாது. மறுபடி எண்ணெயில் இறக்கி லேசாக உதறினால் பூப்போலக் கழன்று மிதக்கும். உதறலில் கொஞ்சம் வேகம் கூடினால் எண்ணெய் என் மணிக்கட்டுக்கு வரும். "மெதுவா, மெதுவா" என்பாள். மறு நிமிஷமே "இப்படி மெதுவாச் செஞ்சா விடிஞ்சிரும்" என்பாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் உண்டாம். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

முறுக்கும் முந்திரிக்கொத்தும் டப்பாவில் ஏறியதும் தட்டுக் கணக்கு தொடங்கும். தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து வந்த அதிரசம் எத்தனை, ரம்ஜானுக்கு மாடிவீட்டிலிருந்து வந்த பிரியாணியில் கறி எத்தனை துண்டு என்பது என் மனைவிக்கு மனப்பாடம். பதிலுக்குப் போகும் தட்டு அதைவிடக் கனமாக இருக்க வேண்டும். அவர்கள் தட்டைச் சும்மா திருப்ப மாட்டார்கள். சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். ஆக, கணக்கு எந்த வருஷமும் நேராவதில்லை. பாக்கி இருக்கும் வரைக்கும் அக்கம்பக்கம் சுமுகமாக இருக்கும் என்பது அவள் பொருளாதாரம்.

கடைசியாகக் கேரல் ராத்திரி. பத்து மணிக்கே பட்டுச்சேலை, சலவை வேட்டியோடு கூடத்தில் உட்கார்ந்துவிட்டோம். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. நான் கண்ணை மூடினால் முழங்கை விலாவில் ஏறும். இரண்டரைக்குத் தெருமுனையில் டோலக் கேட்டது. நோஞ்சான் பையன் ஒருவன் வயிற்றில் தலையணை கட்டிக் கிறிஸ்மஸ் தாத்தாவாகக் குதித்துக்கொண்டு வந்தான். "டீச்சர், என்ன பாட்டுப் பாடட்டும்?" என்று மரியாதையாகக் கேட்டார்கள், அவள் சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பழகி வந்த பாட்டையே பாடினார்கள். ஐயர் ஜெபம் பண்ணினார். 'ஆமென்' சொல்லும் முன்பே பிள்ளைகளின் கண் முறுக்குத் தட்டுக்குப் போய்விட்டது.

காணிக்கைக் கவரை வாங்கிக்கொண்ட செயலாளர் டீயை ஆற்றியபடி பேச்சை எடுத்தார்.

"அண்ணாச்சி, வர்ற வருஷம் பொருளாளருக்கு உங்க பேரைத்தான் எல்லாரும் சொல்லுதாவ."

வயசு, ரத்தக்கொதிப்பு, கண்ணாடி பவர் என்று மூன்று காரணங்களை வரிசைப்படுத்தி வாயைத் திறந்தேன்.

"அதுக்கென்ன தம்பி, அவுக பாத்துக்கிடுவாவ" என்றாள் மனைவி, அவர் தட்டில் இன்னொரு முறுக்கை வைத்தபடி.