பந்தி வைக்கப் போற மாப்ளைக்கு

வீட்டைக் கட்டி முடிச்சிட்ட மாப்ள, சந்தோசம். காலையில பால் காய்ச்சு, மத்தியானம் ஊருக்கே கெடாக்கறி விருந்துன்னு கேள்விப்பட்டேன். வேண்டப்பட்டவுகளுக்கு மாடியில ஏசி போட்டுத் தனிப் பந்தி, மத்தவுகளுக்குத் தெருவுல பந்தலாம். மேல நெஞ்செலும்பும் ஈரலும், கீழ கொழம்பும் கொடலுமாம். அருமையான ஏற்பாடு. மாமன் குறுக்க நிக்கமாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்றேன்: அண்டா, வாளி, கரண்டி எல்லாம் எவர்சில்வராப் பாத்துக்க. மறந்தும் மண்சட்டிய உள்ள விட்றாத. மண்சட்டி காட்டிக்குடுத்துரும்.

நம்பலையா? இங்கிலாந்துல ஸ்டோன்ஹெஞ்சுன்னு பெரிய பெரிய கல்லா நட்டு வச்சிருக்காகல்ல, அதுக்கு வடகிழக்க மூணு கிலோமீட்டர் தள்ளி டரிங்டன் வால்ஸுன்னு ஒரு எடம் இருக்கு. கி.மு. 2500 வாக்குல, அந்தக் கல்லைத் தூக்கி நிறுத்துன சனம் இங்கதான் தங்கியிருக்கும்னு சொல்றாக. 1966லருந்து 68 வரைக்கும் ரோட்டு வேலைக்காக ஒரு தடவ தோண்டுனாக. 2003க்குப் பெறகு மைக் பார்க்கர் பியர்சன்கிறவரு ஆளுகளைக் கூட்டிட்டு வந்து மறுபடி தோண்டுனாரு. சுண்ணாம்புத் தரை போட்ட சின்னச் சின்ன வீடு, நடுவுல அடுப்பு, சுத்திக் குப்பை. குப்பை பூராம் பன்னி எலும்பும் ஓட்டாஞ்சில்லும்.

எலும்பை விடு, சில்லுக்கு வருவோம். அவுக சட்டி கோடு கோடாக் கீறி அலங்காரம் பண்ணுன சட்டி. வடக்க ஓர்க்னி தீவுல ஆரம்பிச்சு நாடு முழுக்கப் பரவுன மோஸ்தரு. வெளிய எம்புட்டு அலங்காரம் பண்ணுனாலும் உள்ள மண்ணுதான? கறி கொதிக்கிறப்ப கொழுப்பு அந்த மண்ணுக்குள்ள எறங்கி உக்காந்துக்கிரும். கழுவுனாப் போகாது, 4,500 வருசம் மண்ணுல பொதச்சாலும் போகாது. சில்லைக் கொஞ்சம் பொடிச்சு அந்தக் கொழுப்பைப் பிரிச்சுப் பாத்தா, பன்னியா, மாடா, பாலான்னு தெரிஞ்சுபோகுது. 2015ல ஆலிவர் கிரெய்க்கும் அவரு கூட்டாளிகளும் அப்படிப் பாத்தாக. வீட்டுப் பக்கம் கெடந்த சட்டியில பன்னிக்கறி, மாட்டுக்கறி, பால்னு எல்லாம் இருக்கு. மரத்தூண வட்டமா நட்டுச் சடங்கு பண்ணுன எடத்துச் சட்டியில பெரும்பாலும் பால் சாமான் மட்டுந்தான். ஒன்னைய மாதிரியே விவரமான சனம் மாப்ள. சடங்குக்குப் பால், வயித்துக்குக் கறி. இத்தனைக்கும் அந்தக் காலத்துப் பெரியாளுகளுக்குப் பச்சைப்பால் செரிக்காது. தயிராவோ கட்டியாவோ ஆக்கித்தான் தின்னிருப்பாக.

இப்ப எலும்புக்கு வா. பன்னியில ஏகப்பட்டது ஒரு வயசு நெறையாதது. வசந்தத்துல பொறந்ததை நடுக்குளிர்ல அடிச்சிருக்காகன்னு கணக்கு. 2019ல ரிச்சர்ட் மேட்ஜ்விக்குங்கிறவரு, டரிங்டன் வால்ஸோட சேத்து நாலு விருந்து எடத்துல கெடச்ச 131 பன்னிகளோட எலும்பையும் பல்லையும் சோதிச்சாரு. சிலது ஸ்காட்லாந்துல மேஞ்சது, சிலது வேல்ஸுல மேஞ்சதுங்கிறாரு. பன்னிய ஓட்டிப் பாத்திருக்கியா நீ? மாடு மாதிரி ரோட்டைப் பிடிச்சு நேரா நடக்காது. நாலு எட்டு வச்சா படுத்துக்கிரும், இல்லாட்டி புதருக்குள்ள பூந்துரும். அதைக் கூட்டிக்கிட்டு அம்புட்டுத் தூரம் வந்திருக்கான் ஒருத்தன். போற எடத்துல பன்னி கெடைக்காமயா? தான் வளத்தது அந்த விருந்துல இருக்கணும்னு ஒரு வைராக்கியம். நாம மொய் நோட்டுல எழுதுறதை அவன் பன்னிப் பல்லுல எழுதி வச்சிட்டுப் போயிட்டான். அதுக்கும் மேல, மூட்டு கழறாம, கறியோட தூக்கி எறிஞ்ச எலும்பு நெறையக் கெடக்கு. பசிச்சுத் தின்னவன் அப்படி எறியமாட்டான். எங்கிட்ட எம்புட்டு இருக்கு பாருன்னு காட்ட வந்தவன்தான் எறிவான். அந்த விசயத்துல ஒனக்கு நான் ஒண்ணும் சொல்லித்தர வேண்டியதில்ல.

மறுபடி சட்டிக்கே வருவோம். சட்டிங்கிறது நாத்து நடக் கத்துக்கிட்ட பெறகு வந்த சாமான்னு நெனைச்சிராத. சீனாவுல சியன்ரென்டோங் குகையில கெடச்ச சில்லுக்கு வயசு 20,000 வருசம். சப்பான்ல விவசாயமே தெரியாத சனம் சட்டியில மீனைப் போட்டுக் காய்ச்சியிருக்கு. வெதைக்கத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா சட்டி? கறியச் சுட்டா, தொடை ஒனக்கு, கழுத்து எனக்குன்னு பங்கு வச்சுப்புடலாம். சட்டியில போட்டுக் கொதிக்க விட்டுட்டா ஸ்காட்லாந்துக்காரன் கொழுப்பு எது, வேல்ஸுக்காரன் கொழுப்பு எதுன்னு எவன் பிரிப்பான்? நாலு ஊர்க்காரன் நம்பி ஒண்ணா உக்காரணும்னா கறியை விடச் சாறுதான் ஒத்தாசை. சட்டி சேத்து வைக்கும் மாப்ள. பிரிக்கிற வேலையெல்லாம் கரண்டியோடது. ஒன் வீட்டுல அந்தக் கரண்டி ரெண்டு மாடி ஏறி எறங்கப் போகுது.

அதனால ஒரு காரியம் பண்ணு. எல்லாத்தையும் ஒரே அண்டாவுல போடு, கீழயே எல்லாருக்கும் ஒரே பந்தியாப் போடு. ஏசிய மொய் எழுதுற மேசைக்கிட்ட வச்சிரு. அங்கதான் அம்புட்டுப் பேருக்கும் வேர்க்கும்.

கடைசியா ஈரல் சமாச்சாரம். 2022ல கேம்பிரிட்ஜ்காரவுக டரிங்டன் வால்ஸுல கெடச்ச, காஞ்சு இறுகுன 19 மலத்துண்டச் சோதிச்சாக. அஞ்சுல பூச்சிமுட்டை இருந்துச்சு. நாலு நாயோடது, ஒண்ணு மனுசனோடது. வேகாத ஈரலையோ நுரையீரலையோ தின்னிருக்கான். மிச்சத்தை நாய்க்கும் போட்டிருக்கான், நல்ல மனசு. நம்மூர் அவசரக்கார மாஸ்டரும் அந்தச் சாதிதான். ஒன் மாடி விருந்தாளிக பேரு அப்படியா 4,500 வருசம் நிக்கணும்? ஈரலை நல்லா வேக விடச் சொல்லு. நாய்க்கும் சேத்துத்தான் சொல்றேன்.