நிக்காது அண்ணன்

பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். "நிக்காது." ஆரம்ப இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கண்ணை லேசாகச் சுருக்கி, தலையை ஒரே ஒரு தடவை இட வலமாக ஆட்டுவார். அத்தோடு முடிந்தது. மேல்முறையீடு கிடையாது.

தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. மதுரையில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர், கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி பொடிப்பயல்கள் முதற்கொண்டு எல்லோருக்கும் அவர் நிக்காது அண்ணன்தான்.

ஒரு பாட்டு பிடித்திருக்கிறதா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டே அல்ல. ‘கூலி’யில் அனிருத் போட்ட ‘மோனிகா’ டீக்கடையில் ஓடியபோது, அண்ணனின் கட்டைவிரல் கிளாசின் விளிம்பில் தாளம் போட்டதை நானே பார்த்தேன்.

"என்னண்ணே, நல்லாருக்குல்ல?"

"நல்லாத்தான் இருக்கு. நிக்காது."

2025-இல் நன்றாக இருந்து என்ன பிரயோஜனம், 2050-இல் யாராவது கேட்பார்களா என்பதே அவர் கவலை. 2050-இல் அண்ணனுக்கு எண்பத்தேழு வயதாகும். தீர்ப்பைச் சரிபார்க்க அன்றைக்கு யாரும் வரப்போவதில்லை என்பது இந்தத் தொழிலில் இருக்கிற பெரிய சௌகரியம்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. முறையான சோதனைகள் வைத்திருக்கிறார். முதலாவது அம்மிச் சோதனை. அம்மியில் அரைத்துக்கொண்டே ஒருத்தி பாட முடிந்தால்தான் அது பாட்டு. அவர் வீட்டு அம்மி, மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பாரமாகப் போய் வெகுகாலம் ஆகிறது. மதினி மிக்சியில்தான் அரைக்கிறார். மிக்சி ஓடும்போது பழைய பாட்டும் கேட்காது, புதுப் பாட்டும் கேட்காது. அடுத்தது ஆர்மோனியச் சோதனை. வாத்தியங்களையெல்லாம் உருவிவிட்டு, ஆர்மோனியத்தில் மட்டும் வாசித்தால் மெட்டு தெரிய வேண்டும். அண்ணனிடம் ஆர்மோனியம் இல்லை. மனசுக்குள் வாசித்துப் பார்த்துக்கொள்வார். அந்த ஆர்மோனியத்தில் 2005-க்குப் பிறகு வந்த எதுவும் ஏறுவதில்லை.

அவருடைய அக்கா மகன் ஒருவன், பெங்களூரில் வேலை பார்க்கிறவன், லீவுக்கு வந்த இடத்தில் மாமாவை யூடியூப் கணக்கை வைத்து மடக்கப் பார்த்தான். ‘மாரி 2’ படத்தின் ‘ரவுடி பேபி’ 2020 நவம்பரில் 100 கோடிப் பார்வைகளைத் தொட்டது, தென்னிந்தியப் பாட்டுகளிலேயே அதுதான் முதல் என்றான். அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"100 கோடியா? தமிழ்நாட்டு ஜனத்தொகை எம்புட்டுடா?"

"ஏழு கோடி சொச்சம் இருக்கும் மாமா."

"2011 கணக்குல 7 கோடியே 21 லட்சம். மிச்சம் 92 கோடியே 79 லட்சம் யாரு?"

"ஒரே ஆளு பத்துத் தடவை பாப்பாங்க மாமா."

"ஒரே பில்லைப் பத்துத் தடவை பாஸ் பண்ணுனா எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேரு வேற."

பையன் போனை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான்.

அண்ணனின் தீர்ப்புகளைப் பல வருஷமாகக் கேட்டு வந்ததில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. சர்க்கார் வேலையில் சேர்ந்தவனுக்குத் தகுதிகாண் பருவம் இரண்டு வருஷம் என்றால், அண்ணன் பாட்டுக்கு வைத்திருப்பது இருபது வருஷம். 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது, "கம்ப்யூட்டர்ல தட்டுனதுடி, கரண்ட் போனா பாட்டும் போயிரும்" என்று சொன்னவர் இவர். மதினி இதற்குச் சாட்சி. அதே வாய்தான் இன்று அனிருத்தைத் திட்டும்போது, "ரோஜாவுல ரஹ்மான் போட்டாரே, அது பாட்டு!" என்கிறது. 2003-இல் ‘திருடா திருடி’யில் தினா இசையில் ‘மன்மத ராசா’ வந்தபோது டி.வி.யையே அணைத்தார். இப்போது கேட்டால், "குத்துப் பாட்டுன்னாலும் அதுல ஒரு லட்சணம் இருந்துச்சு மாப்ள" என்பார். ‘கில்லி’ வந்தது 2004 ஏப்ரல். மறுபடி தியேட்டருக்கு வந்தது 2024 ஏப்ரல். வித்யாசாகரின் அந்தக் குத்துப் பாட்டுக்குத் திரைக்கு முன்னால் ஓடிப்போய்க் கூட்டம் ஆடியபோது, அண்ணன் சீட்டிலிருந்து எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். ஆடவில்லை, ஆடுகிறவர்களைப் பார்க்க வசதியாக நின்றார் என்று வைத்துக்கொள்வோம். "இது நிக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்." இருபது வருஷம் சரியாக முடிந்திருந்தது. பணி நிரந்தரம்.

இது பரம்பரை வியாதி. அண்ணனின் அப்பா பாகவதர் கட்சி. 1944-இல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த கதையை, ஏதோ தானே வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக் கொடுத்த தோரணையில் சொல்வாராம். 1976-இல் ‘அன்னக்கிளி’ ரெக்கார்டு தெருவெல்லாம் அலறியபோது, "நாத்து நடுறப்போ பாடுறதுக்கெல்லாம் எதுக்குடா ரெக்கார்டு? அடுத்த போகம் வரைக்கும் தாங்காது" என்று தீர்ப்புச் சொன்னார். அன்று பதிமூன்று வயதில் இளையராஜாவுக்காக எதிர்த்துப் பேசி முதுகில் ஒன்று வாங்கியவர்தான் நம் அண்ணன். அந்த அடி வீண் போகவில்லை. வாங்கியதை அப்படியே வைத்திருந்து, இப்போது அக்கா மகனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

‘குணா’ விவகாரத்தைச் சொல்லாமல் விட்டால் மதினி என்னை மன்னிக்கமாட்டார். 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. இரண்டுக்கும் இளையராஜாதான். அண்ணனுக்கும் மதினிக்கும் அது தலை தீபாவளி. மதினி ‘குணா’ போகலாம் என்றிருக்கிறார். "பைத்தியக்காரன் படமாம், நல்ல நாள்ல எதுக்கு" என்று மாப்பிள்ளை முறுக்கோடு ‘தளபதி’க்கு அழைத்துப் போனார் அண்ணன். அப்புறம் 2024-இல் மலையாளத்திலிருந்து ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்து, ‘குணா’வின் குகையையும் காதல் கடிதப் பாட்டையும் மறுபடி எல்லார் காதிலும் போட்டது. அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்தார். உள்ளே பாத்திரம் ஒன்று கொஞ்சம் பலமாகவே கீழே வைக்கப்பட்டது. "யாருகிட்டங்க சொன்னீங்க?" என்று ஒரு குரல் வந்தது. அண்ணன் பேச்சைக் குடிதண்ணீர்ப் பிரச்சினைக்கு மாற்றினார். நல்ல நாளில் போடப்பட்ட அந்த வழக்கு முப்பத்து மூன்று வருஷம் கழித்துத் தீர்ப்பானது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எந்தப் பாட்டை யார் எப்போது தோண்டி எடுப்பார்கள் என்பதை யாரால் சொல்ல முடியும்? ‘ஏழையின் சிரிப்பில்’ என்று 2000-இல் ஒரு படம். அதில் தேவா போட்ட கருப்பாயி பாட்டை 2023-இல் ‘லியோ’ கூப்பிட்டு வந்தது. அந்தப் படம் வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் அதற்கு ரீல்ஸ் ஆடினார்கள். 1989-இல் ‘பொன்மனச்செல்வன்’ படத்தில் திரையில் விஜயகாந்த் பாடி வந்த பாட்டு, 2024-இல் ‘லப்பர் பந்து’ மூலம் கிரிக்கெட் மைதானத்துக்குப் போனது. ‘தக் லைஃப்’ படத்தின் ‘முத்த மழை’யைப் படத்துக்காகப் பாடகி தீ பாட, இசை வெளியீட்டு மேடையில் சின்மயி பாட, ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்ததே, அப்போது மட்டும் அண்ணன் "பாப்போம்" என்றார். அவர் அகராதியில் அது பத்ம விருதுக்குச் சமம். படம் வந்த சூட்டில் போய்விட்டதே என்றேன். "அதான் நல்லது. ஓடுன படத்துப் பாட்டுல ஹீரோ முகம் ஒட்டியிருக்கும். ஓடாத படத்துப் பாட்டை எவன் வேணாலும் எடுத்துக்கலாம்." அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் இதுதான். அது உண்மையா என்று சோதித்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் என் ஓட்டு அண்ணனுக்கு இல்லை; தெருமுனை மைக்செட் தம்பிக்குத்தான். நிக்கும், நிக்காது என்ற பேச்சே அவனிடம் கிடையாது. அவனிடம் இருப்பது ஒரு பென்டிரைவ். அதற்குள் ஃபோல்டர்கள்: கல்யாணம், சடங்கு, காதுகுத்து, ஆடி, நியூ இயர், சாவு. மணப்பெண்ணை அழைத்து வரும்போது இன்றைக்கும் 1961-இன் ‘பாசமலர்’தான். மறுவீட்டுக்கு 1962-இன் ‘சாரதா’. ஆடி மாசம் முழுக்க எல்.ஆர்.ஈஸ்வரிக்குக் குத்தகை. நியூ இயர் ஃபோல்டரில் இருப்பது ஒரே பாட்டு, 1982-இல் ‘சகலகலா வல்லவ’னில் கமல் மோட்டார் சைக்கிளில் வருகிற பாட்டு. அந்தக் காலத்தில் ராஜா போட்டவற்றில் அதைவிட நயமானவை எத்தனையோ உண்டு. இருந்தும் டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணி அதன் பெயரில்தான் பட்டா ஆகியிருக்கிறது.

"எந்த ஃபோல்டர்ல போடுறதுன்னு தெரியாத பாட்டு தங்காதுண்ணே" என்பான் தம்பி. 2011 நவம்பரில் வந்து உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிய ‘கொலவெறி’யை எதில் போடுவது? காதல் தோல்விக்கு யாரும் பந்தல் போட்டு மைக்செட் வைப்பதில்லை. அதனால் அது ‘மிக்ஸ்’ என்ற ஃபோல்டரில் கிடக்கிறது. "பொங்கலைத் தாண்டாது" என்று அன்று அண்ணன் சொன்னது ஏறக்குறைய பலித்தது. அம்மி, ஆர்மோனியத்துக்கு அதில் பங்கில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போன அன்று அண்ணன் மைக்செட் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ‘பாத காணிக்கை’யில் கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடியது ஓடிக்கொண்டிருந்தது. 1962-இலிருந்து சாவு வீட்டில் அதற்குப் போட்டியே வரவில்லை. அண்ணன் திரையில் ஃபோல்டரை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கடைசியில் ‘மரண மாஸ்’ என்று இருந்தது.

"இது என்னடா, புதுசா?"

"ஐயோ, அது ‘பேட்ட’ படத்துப் பாட்டுண்ணே. பேருல மரணம்னு இருக்கவும் வேலைக்கு வந்த பய இதுல தூக்கிப் போட்டுட்டான்."

"அப்ப இத்தனை வருஷத்துல சாவுக்குன்னு புதுசா ஒண்ணுமே சேரலையா?"

"இல்லண்ணே."

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. அழுதுகொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பாத்தியா மாப்ள? ஒருத்தனைத் தூக்கிட்டுப் போகக்கூட இவனுங்ககிட்ட ஒரு பாட்டு இல்ல. எதுவும் நிக்காது." அப்புறம் தம்பி பக்கம் குனிந்தார். "எனக்கும் இந்த டி.எம்.எஸ்.தான் போடணும், கேட்டுக்க. ஆரம்ப மியூசிக்கை வெட்டிராத."

தம்பி வயரைச் சுற்றிக்கொண்டே தலையாட்டினான்.

"போட்டுருவோம்ண்ணே. தேதிய மட்டும் முன்கூட்டியே சொல்லிருங்க. முகூர்த்த நாளா இருந்தா செட்டு கிடைக்காது."