வைக்கோல் நிறம்

நேற்று சாயங்காலம் மச்சினர் வந்திருந்தார். ஹாலில் ஸ்விட்ச் போர்டு ஆடுவதைப் பார்த்துவிட்டு, என் மேஜைமேல் கைக்கு அகப்பட்டதை எடுத்து நாலு திருகு திருகினார். "ஸ்க்ரூ டிரைவர் நல்லாருக்கே மாப்ள, எங்க வாங்கினீங்க?"

அது உளி. 3 மி.மீ. உளி. மூன்று ஞாயிற்றுக்கிழமை. கொய்யாக் கொம்பில் பிடி, பழைய செம்புக் குழாய்த் துண்டில் பூண். முனையில் நொய்யரிசி அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது.

வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாததற்கு நானே காரணம். இருந்த நான்கையும் போன வருஷமே உளியாக்கிவிட்டேன். மலிவு ஸ்க்ரூ டிரைவர் மரத்தில் இரண்டு தட்டுக்கே முனை மடங்கும் என்பது நான்காவதில்தான் உறைத்தது. பிறகுதான் காயலான் கடை, மொக்கை அரம்.

அரத்தின் எஃகு அசல் சரக்கு. ஆனால் அந்தக் கடினத்தோடு விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். கொஞ்சம் பதம் இறக்க வேண்டும். பளபளவென்று தேய்த்து மெல்லச் சூடு காட்டினால் மேலே நிறம் ஓடும். 220, 230 டிகிரியில் வைக்கோல் நிறம். அங்கே நிறுத்த வேண்டும். 300-ஐ நெருங்கி நீலமானால் போச்சு. புத்தகத்தைத் திறந்தால் வைக்கோல், வீடியோவைப் பார்த்தால் வைக்கோல். எந்த வைக்கோல் ஐயா? தை வெயிலில் காய்ந்த சம்பா வைக்கோலா? ஐப்பசி மழையில் ஊறிக் கறுத்த குறுவை வைக்கோலா? போரின் மேல்புறமா, உள்ளே கையை விட்டு உருவினால் வருமே, அதுவா? மாடு தின்றது போக மிச்சம் வைத்ததா? தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவனிடம் பொத்தாம்பொதுவாக வைக்கோல் என்றால் அவன் என்ன செய்வான்? முதலில் எழுதிய வெள்ளைக்காரர் கோதுமை வைக்கோலைப் பார்த்து எழுதியிருப்பார். நான் கோதுமையை மாவாகத்தான் பார்த்திருக்கிறேன். கேஸ் அடுப்பின் முன்னால் நின்று இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் முதல் அரம் நீலமாகிவிட்டது. இரண்டாவதும். அப்புறம் வந்த ஆத்திரத்தில் வைக்கோலைத் தலைமுழுகிவிட்டு, மூன்றாவதை கேக் செய்யும் ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் போட்டேன். மறுநாள் கேக்கில் கிரீஸ் வாசனை. "இதை என்ன நிறத்துல எடுக்கணும், வைக்கோலா?" என்றாள் மனைவி.

அதற்கப்புறம் சாணை. ஒரு தீட்டு, தண்ணீரில் ஒரு முக்கு. ஒரு தீட்டு, ஒரு முக்கு. சூடேறினால் திரும்பவும் நீலம்.

இவ்வளவையும் மச்சினரிடம் சொன்னேன். காபி ஆறும்வரை கேட்டார். "250 ரூபாய்க்குக் கடையில கிடைக்குமே" என்றார்.

இன்று காலை பையனிடம் ஆறு ஸ்க்ரூ டிரைவர் கொண்ட செட் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். நல்ல கம்பெனி மாதிரி தெரிகிறது. சின்னதை மட்டும் சாணையில் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். பொறி மத்தாப்பூவாய்த் தெறிக்கிறது.