கவுச்சி விலக்கலின் கால அளவியல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

சைவத்துக்கு மாறுவதா வேண்டாமா என்ற வினாவை அறநூலார் மனசாட்சியிடமும் மருத்துவர்கள் கொழுப்பின் அளவிடமும் ஒப்படைத்துவிட்டார்கள். சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியை இரு தரப்பாரும் கண்டுகொள்ளவில்லை. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டியோரில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவர். ஆனால் அவர்கள் எத்தனை நாள் அசைவர்? செவ்வாய், வெள்ளி, சனி மூன்றிலும் கவுச்சி சேர்க்காத ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். புரட்டாசி முழுவதும் விலக்கு. மற்ற மாதங்களின் அந்த மூன்று கிழமைகள் 143 நாள். புரட்டாசியையும், வேறு கிழமைகளில் விழும் அமாவாசை, கிருத்திகைகளையும் கூட்டினால் தொகை 187ஐ ஒட்டி வரும். 365இல் பாதி தாண்டிவிட்டது. ஆக, கணக்கெடுப்பில் அசைவர் எனப் பதிந்தவர் பெரும்பான்மை நாள்களில் சைவர். மாறுவதென்றால் மிச்சத்துக்கு மாறினால் போதும்.

எல்லா வீட்டிலும் இத்தனை விலக்கு ஏது என்பர். உண்மைதான், ஆனால் புரட்டாசியில் நாமக்கல் முட்டை விலை இறங்கும் அளவுக்காவது வீடுகள் உண்டு. (கேக்குக்குள் போன முட்டை எந்தக் கணக்கில் வரும் என்பது தனி ஆய்வுக்குரியது.) விலக்கும் நாளிலும் மனம் கறிக்கடையில்தானே நிற்கிறது, அது சைவமா என்பது கனமான ஆட்சேபம். வள்ளுவர் புலால் மறுத்தலை இல்லறவியலில் வைக்காமல் துறவறவியலில் வைத்ததை இங்கே கவனிக்க வேண்டும். மனத்தைத் துறவிக்கு விட்டுவிட்டால், இல்லறத்தானுக்கு எஞ்சுவது நாக்கு; நாக்கை ஆள்வது பஞ்சாங்கம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது, பிரியாணிக் கடையிலோ நள்ளிரவு பன்னிரண்டுக்கே ஞாயிறு பிறந்துவிடுகிறது. சனி இரவு கடைவாசலில் நிற்போர் இவ்விஷயத்தில் மேலை மரபினர்.

மிச்சமுள்ள 178 நாளையும் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. ஆட்டுக்கறி விற்கும் விலையில் திங்கள், புதன், வியாழன்களைப் பெரும்பாலும் சாம்பாரே கவனித்துக்கொள்கிறது. ஆகவே சைவத்துக்கு மாறுவது என்பது, ஆண்டுக்கு நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட ஞாயிறு மதியங்களைப் பற்றிய முடிவு மட்டுமே. கொள்கை தடுமாறும் நாள் ஒன்றுண்டு: தீபாவளி. இட்லிக்குக் கறிக்குழம்பு என்பது பல வீடுகளில் வழக்கம். அன்றே அமாவாசையும் சேர்ந்துகொள்வதுண்டு. அத்தகைய ஆண்டுகளில் திதி பிறக்கும் நேரத்தை நிமிடம் வரை பார்ப்பவர்கள் சோதிடர்கள் அல்லர், அடுப்பில் குழம்பை ஏற்றிவிட்டவர்கள்.